மீஅறிதல் ஆசிரியரின் பணி ஊக்கத்தைக் கூட்டுமா? எப்போது கூட்டும், எப்போது குறைக்கும்

மீஅறிதலையும் பணி ஊக்கத்தையும் சேர்த்துப் பேசும்போது இரண்டு கேள்விகள் எழுகின்றன. தன் கற்பித்தலைத் தானே கவனித்துத் திருத்திக்கொள்ளும் திறன், அதாவது மீஅறிதல், வளர்ந்தால் ஆசிரியரின் பணி ஊக்கமும் வளருமா என்பது ஒன்று. வளருமென்றால் பள்ளியில் அதற்கு என்ன செய்வது, ஆய்வுக்காக அதை எப்படி அளப்பது என்பது மற்றொன்று.

முதலாவதற்கு நேரான விடை: வளரும், ஆனால் கண்டுபிடித்ததை வைத்து எதையாவது மாற்றும் உரிமை ஆசிரியர் கையில் இருந்தால்தான். அந்த உரிமை இல்லாத இடத்தில் மீஅறிதல் பயிற்சி ஊக்கத்தைக் குறைக்கவும் செய்யும். தன் வகுப்பில் எது பிசகுகிறது என்று நன்றாகத் தெரிந்தும் கைகட்டி நிற்க நேர்வது, தெரியாமலே இருப்பதைவிடக் களைப்பான நிலை. பயிற்சித் திட்டம் போடுகிறவர்கள் முதலில் பேச வேண்டியது இந்த நிபந்தனையைப் பற்றித்தான்.

மீஅறிதலைச் 'சிந்தனையைப் பற்றிய சிந்தனை' என்று சொல்லி நிறுத்திவிட்டால் ஆசிரியருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. உளவியலாளர் ஜான் ஃபிளேவெல் 1979இல் எழுதிய கட்டுரையில் இந்த அறிவை ஆள், பணி, உத்தி என்று மூன்றாகப் பார்த்தார். பின்னர் ஆன் பிரவுன், சிந்தனையைப் பற்றி அறிந்திருப்பது வேறு, சிந்தனையை நெறிப்படுத்துவது வேறு என்று பிரித்துக் காட்டினார். கிரெக் ஷ்ரா போன்றவர்கள் அந்த அறிவை மேலும் மூன்றாக்கினார்கள்: என்ன என்று தெரிவது, எப்படி என்று தெரிவது, எப்போது, ஏன் என்று தெரிவது. நெறிப்படுத்தலின் முக்கியமான பகுதிகள் திட்டமிடல், கண்காணித்தல், மதிப்பிடல்.

பின்னக் கூட்டலை வைத்து இதைப் பார்க்கலாம். 1/3 + 1/4 என்று கொடுத்தால் வகுப்பில் சிலர் 2/7 என்று எழுதுவார்கள். மேலே இருப்பதை மேலே இருப்பதோடும், கீழே இருப்பதைக் கீழே இருப்பதோடும் கூட்டிவிடுவார்கள். இந்தத் தவறு வரும் என்று முன்பே தெரிந்திருப்பது முதல் வகை அறிவு. 3 வரிசையும் 4 நிரலும் கொண்ட செவ்வகம் வரைந்து, 12 கட்டங்களில் 1/3 என்பது 4 கட்டம், 1/4 என்பது 3 கட்டம், ஆக 7/12 என்று காட்டத் தெரிவது இரண்டாவது. மூன்றாவது வேறு மாதிரியானது. 1/7 + 1/9 என்று வரும்போது 63 கட்டங்களை வரையச் சொன்னால் குழந்தையின் கவனம் முழுவதும் எண்ணுவதிலேயே கரைந்துபோகும். அங்கே படத்தை ஓரமாக வைத்துவிட்டு, 2/16 என்று எழுதிய குழந்தையிடம் "இது 1/8தானே? 1/7ஐவிடச் சின்னது. ஒன்றோடு இன்னொன்றைக் கூட்டினால் எப்படிக் குறையும்?" என்று கேட்பதுதான் பலிக்கும். எந்த இடத்தில் எதை விட்டு எதை எடுக்க வேண்டும் என்ற இந்த அறிவு பயிற்சிக் கல்லூரியில் முழுதாகக் கிடைக்காது. தன் வகுப்பையே கவனித்துக் கவனித்துத்தான் சேர்க்க வேண்டும். மீஅறிதல் பயிற்சியின் உண்மையான விளைச்சல் இதுதான் என்பது என் கருத்து.

ஆசிரியரின் நிலையில் இன்னொரு சிக்கலும் உண்டு. படிக்கும் மாணவர் தன் சிந்தனை ஒன்றைக் கவனித்தால் போதும். ஆசிரியரோ தன் விளக்கம் எப்படிப் போகிறது என்பதையும், எதிரே இருக்கும் 40 பேருக்கு அது எப்படிப் போய்ச் சேருகிறது என்பதையும் ஒரே சமயத்தில் கவனிக்க வேண்டும். இரண்டும் ஒத்துப்போகும் என்று நினைப்பது பெரிய தவறு. விளக்கம் சரளமாக ஓடிய நாளில் எல்லோருக்கும் புரிந்துவிட்டது என்று தோன்றும். அந்தச் சரளம் ஆசிரியருக்குப் பாடம் பழகிப்போனதன் அடையாளம். வகுப்புக்குப் புரிந்ததா என்பதற்கு அது சான்றாகாது.

இனி பணி ஊக்கம். "அவருக்கு ஊக்கம் அதிகம்", "இவருக்குக் குறைவு" என்று ஒரே அளவில் பேசுவது இந்தத் துறையில் நெடுநாளாக உள்ள பழக்கம். அதை விட்டுவிடுவது நல்லது. எட்வர்ட் டெசியும் ரிச்சர்ட் ரயனும் வளர்த்த சுயநிர்ணயக் கோட்பாடு, ஊக்கம் எவ்வளவு என்பதோடு அது எந்த வகை என்பதையும் கேட்கிறது. விடைத்தாள் திருத்தும் வேலையையே பாருங்கள். குழந்தைகள் எப்படி யோசித்திருக்கிறார்கள் என்று பார்ப்பதில் உள்ள சுவைக்காக ஒருவர் திருத்துகிறார். சுவை இல்லாவிட்டாலும் அடுத்த பாடத்துக்கு இது தேவை என்று உணர்ந்து இன்னொருவர் திருத்துகிறார். திருத்தாவிட்டால் மனம் உறுத்தும் என்பதற்காக ஒருவர், மேலதிகாரி கேட்பார் என்பதற்காக ஒருவர். ஏன் செய்கிறோம் என்றே தெரியாமல் செய்கிறவரும் உண்டு. ஐந்து பேரும் அதே 40 தாள்களைத்தான் திருத்தி வைப்பார்கள். வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. ஆனால் முதல் இரண்டு பேர் அதில் நீடிப்பார்கள். மற்ற மூவருக்கும் அதே வேலை சோர்வைச் சேர்த்துக்கொண்டே போகும்.

கிளாட் ஃபெர்னேயும் அவருடைய கூட்டாளிகளும் 2008இல் வெளியிட்ட ஆசிரியர் ஊக்க அளவுகோல் இதில் இன்னொரு படி முன்னே போனது. பாடத் தயாரிப்பு, கற்பித்தல், மாணவர் மதிப்பீடு, வகுப்பறை மேலாண்மை, நிர்வாக வேலை, கூடுதல் வேலைகள் என்று ஆசிரியப் பணியை ஆறாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் இந்த ஐந்து வகைக் காரணங்களைத் தனித்தனியே கேட்டது. ஒரே ஆசிரியர் கற்பித்தலை விரும்பிச் செய்து, பதிவேடு எழுதுவதை வற்புறுத்தலால் செய்யலாம். இரண்டையும் கூட்டிச் சராசரி எடுத்தால் 'நடுத்தர ஊக்கம்' என்று ஒரு விடை வரும். அப்படி ஒரு மனிதரே அங்கு இல்லை.

மீஅறிதலும் பணி ஊக்கமும் எங்கே சந்திக்கின்றன? வலுவான பாலமாக எனக்குப் படுவது, நடந்ததற்கு நாம் காரணம் சொல்லும் முறை. பெர்னார்ட் வைனரின் கோட்பாடு, ஒரு தோல்விக்கு நாம் சொல்லும் காரணத்தை மூன்று விதத்தில் பார்க்கச் சொல்கிறது: அது நமக்கு உள்ளே இருக்கிறதா வெளியேயா, நிலையானதா மாறக்கூடியதா, நம் கட்டுப்பாட்டில் இருக்கிறதா இல்லையா. "இந்த வகுப்பே மந்தம்" என்பது வெளியே இருக்கிற, நிலையான, கட்டுக்கு அடங்காத காரணம். "எனக்குக் கணக்கு சொல்லித்தர வராது" என்பது உள்ளே இருக்கிறது, ஆனால் அதுவும் நிலையானது, அதற்கும் வழியில்லை. இரண்டுமே நாளைக்குச் செய்ய எதையும் விட்டுவைப்பதில்லை. "இரண்டாவது எடுத்துக்காட்டிலேயே பகுதிகளை 3, 4 என்பதிலிருந்து 7, 9 என்று மாற்றினேன், அங்கேதான் பாதிப் பேர் விழுந்தார்கள்" என்று சொல்ல முடிந்தால், அந்தத் தோல்விக்கு ஒரு கைப்பிடி கிடைத்துவிடுகிறது. கண்காணிப்பு கூர்மையாக இருந்தால்தான் இந்த மூன்றாவது வகை வாக்கியத்தை ஒருவரால் சொல்ல முடியும்.

அடுத்தது, திறமை வளர்கிறது என்ற உணர்வு. 'என்னால் முடியும்' என்ற தன்திறன் நம்பிக்கைக்கு ஆல்பர்ட் பண்டூரா சொன்ன நான்கு ஊற்றுகளில் தலையாயது, தானே செய்து வென்ற அனுபவம். கற்பித்தலில் வெற்றி உடனே கண்ணுக்குத் தெரிவதில்லை. தச்சருக்கு மாலைக்குள் நாற்காலி தெரிந்துவிடும். ஆசிரியருக்கு இன்று சொன்னது பதிந்ததா என்று தேர்வு வரை தெரியாது, தேர்விலும் வீடு, உடல்நிலை, முந்தைய ஆண்டுகள் எல்லாம் கலந்து வரும். எனவே சிறு வெற்றிகளை அங்கங்கே பிடித்து எண்ணிக் காட்டும் ஒரு பொறி அவருக்கு வேண்டும். மீஅறிதல் அந்தப் பொறி.

எதிர்த்திசையும் உண்மை. தன்னைத் தானே கவனிப்பது உழைப்பு. விருப்பமே இல்லாத வேலையில் யாரும் அதைச் செலவிட மாட்டார்கள். ஊக்கம் உள்ளவர் அதிகம் கவனிக்கிறார், கவனிப்பதால் ஊக்கம் கூடுகிறது என்று இது வட்டமாகச் சுற்றுவது. அதனால்தான் ஒரே நாளில் இரண்டு வினாநிரல்களைக் கொடுத்து வாங்கி "மீஅறிதல் ஊக்கத்தைப் பாதிக்கிறது" என்று முடிவெழுதுவது தவறாகிறது.

மீஅறிதலால் தீராதவற்றையும் சொல்லிவிட வேண்டும். ஃபிரெடரிக் ஹெர்ஸ்பெர்க் 1959இலேயே, வேலையில் அதிருப்தி தரும் காரணிகளும் நிறைவு தரும் காரணிகளும் ஒரே கோட்டின் இரு முனைகள் அல்ல என்றார். அவருடைய முறையில் குறை கண்டவர்கள் உண்டு, ஆனாலும் பள்ளிக்கு இந்தப் பாகுபாடு உதவுகிறது. சம்பளம் தாமதம், ஒழுகும் கூரை, அவமதிக்கும் நிர்வாகம் ஆகியவற்றை ஆசிரியரின் உள்நோக்கால் சரிசெய்ய முடியாது. அங்கே மீஅறிதல் பயிற்சி நடத்துவது, குறையை ஆசிரியர் தலையில் ஏற்றுவதாகிவிடும்.

இனி நடைமுறை. ஒரு வகுப்பு, ஒரு பாடம், வாரத்துக்கு 2 பாடவேளை, 6 வாரம், மொத்தம் 12 பாடவேளை. இதற்கு மேல் வேண்டாம். எல்லா வகுப்புக்கும் என்று தொடங்கினால் இரண்டாவது வாரத்தில் நின்றுவிடும்.

தொடங்குமுன் தலைமையாசிரியர் ஒன்றை எழுத்தில் தர வேண்டும்: இந்த 6 வாரத்தில், இந்த வகுப்பில், எடுத்துக்காட்டுகளின் வரிசை, வீட்டுப்பாடத்தின் அளவு, சிறுதேர்வு வைக்கும் நாள் ஆகிய மூன்றையும் ஆசிரியரே முடிவு செய்யலாம், பாடத்திட்ட அட்டவணையில் 2 பாடவேளை வரை பின்தங்கலாம். உரிமை என்று மேலே சொன்னது இந்த அளவுக்குக் குறிப்பானது. "உங்களுக்கு முழுச் சுதந்திரம்" என்று வாயால் சொல்லிவிட்டு, அட்டவணையில் ஒரு நாள் தவறினால் விளக்கம் கேட்கும் இடத்தில் யாரும் எதையும் மாற்றத் துணிய மாட்டார்கள்.

பாடத்துக்கு முன் 3 நிமிடம், மூன்று வரி. எந்த இடத்தில் இடறுவார்கள் என்பது முதல் வரி. கடைசியில் கேட்கப்போகும் கேள்விக்கு 40 பேரில் எத்தனை பேர் சரியாக எழுதுவார்கள் என்பது இரண்டாவது, அது ஓர் எண்ணாக இருக்க வேண்டும். நடுவில் பார்க்கும்போது பாதிக்கும் குறைவானவர்களே சரி என்றால் என்ன செய்வேன் என்பது மூன்றாவது. 'இப்படி ஆனால் இப்படிச் செய்வேன்' என்று முன்கூட்டியே கட்டிவைத்த எண்ணங்கள் செயலாவதற்கான வாய்ப்பு வெறும் நோக்கங்களைவிட அதிகம் என்பதைப் பீட்டர் கோல்விட்சரின் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வகுப்பின் சலசலப்புக்கு நடுவே புதிதாக யோசிக்க நேரம் இருக்காது என்பதால் இந்த வரி ஆசிரியருக்கு மிகவும் தேவை.

எண்ணைப் பாடத்துக்கு முன்பே எழுதியாக வேண்டும். முடிவு தெரிந்த பிறகு "இப்படித்தான் ஆகும் என்று நினைத்தேன்" என்று மனம் சொல்லும். பருக் ஃபிஷ்ஹாஃப் 1975இல் காட்டிய பின்னறிவுச் சாய்வு இது. எழுதிவைக்காத ஊகம், முடிவு தெரிந்ததும் அதற்கேற்ப வளைந்துகொள்ளும். அப்புறம் அதிலிருந்து கற்க ஒன்றும் இருக்காது.

பாடத்தின் நடுவில், ஏறக்குறைய 15ஆவது நிமிடத்தில், ஒரே ஒரு நிறுத்தம். "புரிந்ததா?" என்று கேட்காதீர்கள். அதற்கு ஒரே குரலில் ஒரே பதில்தான் வரும். ஒரு கேள்வியைப் பலகையில் எழுதி, எல்லோரையும் பேசாமல் தாளில் எழுதச் சொல்லி, 2 நிமிடம் கழித்து நடந்துபோய் 8 தாள்களைப் பாருங்கள். எந்த 8 என்பதை முன்பே குறித்துவைத்திருக்க வேண்டும்: நன்றாகச் செய்பவர் 2, நடுவில் உள்ளவர் 4, தடுமாறுபவர் 2. கை தூக்குகிறவரை மட்டும் கேட்டுவிட்டு நகர்வது, ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்ற நம்பிக்கையில்தான் நடக்கிறது. சோறு ஒரே சூட்டில் வேகும், வகுப்பு அப்படி வேகாது. எட்டில் 6 அல்லது அதற்கு மேல் சரி என்றால் தொடரலாம். 4 அல்லது 5 என்றால் பக்கத்தில் உள்ளவரோடு 3 நிமிடம் ஒப்பிட்டுப் பேசவிடலாம். 3 அல்லது குறைவு என்றால் முன்பே எழுதிய மூன்றாவது வரிக்குப் போக வேண்டும். அது அதே விளக்கத்தை உரக்கத் திரும்பச் சொல்வதாக இருக்கக் கூடாது, வேறு படமாகவோ வேறு எண்ணாகவோ இருக்க வேண்டும். இந்த வரம்புகள் ஒரு தொடக்கத்துக்குத்தான், வகுப்பின் அளவுக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம்.

வாய்மொழிக் கேள்வி கேட்கும்போது காத்திருக்கும் நேரத்தையும் இங்கே சேர்த்துக் கவனிக்கலாம். மேரி பட் ரோ பதிவு செய்த வகுப்புகளில் ஆசிரியர்கள் கேள்விக்குப் பின் சராசரியாக ஒரு நொடி அளவே காத்திருந்தார்கள். அதை 3 நொடிக்கு மேல் நீட்டியபோது பதில்கள் நீண்டன, பதிலே சொல்லாமல் விடுவது குறைந்தது. மனத்துக்குள் மூன்று எண்ணுவது ஆசிரியருக்கும் பயன்படுகிறது: தன் அவசரத்தைத் தானே பிடித்துக்கொள்ளும் மிகச் சிறிய பயிற்சி அது.

பாடவேளையின் கடைசி 4 நிமிடத்தில் முடிவுக் கேள்வி, சிறு சீட்டில். சீட்டுகளைத் திருத்தி மதிப்பெண் போட வேண்டியதில்லை. சரி, வழி சரி ஆனால் விடை தவறு, வழியே தவறு என்று மூன்று அடுக்காகப் பிரித்தால் 40 சீட்டுக்கு 6 முதல் 8 நிமிடம் ஆகும். இதையே நோட்டுப் புத்தகமாக வாங்கி ஒன்றுக்கு 3 நிமிடம் என்று திருத்தினால் 2 மணி நேரம். பிறகு இரண்டு வரி மட்டும்: ஊகித்த எண்ணும் வந்த எண்ணும், அடுத்த முறை பாடக்குறிப்பில் மாற்றப்போகும் ஒரே ஒரு வரி. மாற்றப்போவது 'இன்னும் நன்றாக விளக்க வேண்டும்' என்று இருந்தால் அது கணக்கில் வராது. '7, 9 பகுதிகளை மூன்றாம் நாளுக்குத் தள்ள வேண்டும்' என்பது கணக்கில் வரும்.

அதே வகைக் கேள்வியை 2 அல்லது 3 நாள் கழித்து முன்னறிவிப்பின்றி ஒருமுறை கேளுங்கள். பாடம் முடிந்த சூட்டில் எல்லாம் நினைவில் இருக்கும். கற்றோமா என்று தாமே செய்யும் மதிப்பீடு, சிறிது நேரம் கழித்துச் செய்தால் கூடுதல் துல்லியமாக இருக்கிறது என்று தாமஸ் நெல்சனும் ஜான் டன்லாஸ்கியும் 1991இல் காட்டினார்கள். ஆசிரியர் வகுப்பைப் பற்றிச் செய்யும் மதிப்பீட்டுக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும்.

ஊகத்துக்கும் வந்ததற்கும் உள்ள இடைவெளியைக் கூட்டல் கழித்தல் குறி பாராமல் குறித்து வாருங்கள். எடுத்துக்காட்டாக, முதல் 4 பாடவேளையில் 13, 9, 11, 7 என்று இருந்தால் சராசரி 10. கடைசி 4 பாடவேளையில் 5, 3, 6, 2 என்று வந்தால் சராசரி 4. மாணவர் மதிப்பெண் உயர்வதற்கு முன்பே, வகுப்பை நான் படிக்கக் கற்றுவிட்டேன் என்று ஆசிரியருக்கு இந்த எண் காட்டும். திறமை வளர்வதைக் கண்ணால் பார்ப்பது என்றால் இதுதான். குறியையும் தனியே பாருங்கள். எப்போதும் கூடுதலாகவே ஊகிக்கிறவர் தன் சரளத்தில் மயங்குகிறார். எப்போதும் குறைவாகவே ஊகிக்கிறவர் குழந்தைகளுக்கு எளிய வேலையே கொடுத்துக்கொண்டிருக்கக் கூடும். கேள்வியை எளிதாக்கினால் 40க்கு 39 என்று ஊகமும் பொருந்திவிடும், அதனால் கேள்வியை அந்த வாரத் தொடக்கத்திலேயே சக ஆசிரியர் ஒருவரிடம் காட்டி உறுதி செய்துவிட வேண்டும்.

இது எங்கே கெடும்? பெரும்பாலும் ஒரே இடத்தில்: இந்த வரிகளை எழுதும் குறிப்பேடு, அதிகாரிகள் சோதிக்கும் ஆவணமாக மாறும் நாளில். மேலதிகாரி கையெழுத்திடும் ஏட்டில் எவரும் '30 என்று நினைத்தேன், 17 வந்தது' என்று எழுத மாட்டார். 'மாணவர்கள் ஆர்வத்துடன் பங்கேற்றனர், கற்றல் விளைவு எட்டப்பட்டது' என்று எழுதுவார். அந்த வரி எழுதப்படும் நொடியில் மீஅறிதல் முடிந்துபோய் ஒப்புக்கு எழுதுவது தொடங்கிவிடுகிறது. ஏடு ஆசிரியருக்கே சொந்தம் என்று முதலிலேயே அறிவித்துவிட வேண்டும். தலைமையாசிரியர் வாரத்துக்கு ஒருமுறை, நின்றபடியே, ஒரு கேள்வி மட்டும் கேட்கலாம்: "இந்த வாரம் எதை மாற்றினீர்கள்? அதற்கு என்னால் ஏதாவது ஆக வேண்டுமா?"

பரிசும் அப்படித்தான். 'சிறந்த சிந்தனை ஏடு' என்று பரிசு வைத்தால் ஏடு அழகாகும், பாடம் மாறாது. டெசி 1971இலேயே, ஆர்வமாகப் புதிர் போட்டவர்களுக்குப் பணம் கொடுத்து நிறுத்தியபோது அவர்களது ஆர்வம் குறைவதைக் காட்டினார். 1999இல் டெசி, கோஸ்ட்னர், ரயன் மூவரும் 128 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, எதிர்பார்த்துச் செய்யவைக்கும் பொருள்வடிவப் பரிசுகள் உள்ளார்ந்த ஊக்கத்தைக் குறைத்தன, திறமையைச் சுட்டும் பாராட்டுச் சொல் கூட்டியது. "அந்த 63 கட்டத்தை விட்டுவிட்டு நேரே கேள்வி கேட்டீர்களே, மூன்று பேர் தாங்களாகவே திருத்திக்கொண்டார்கள்" என்று சக ஆசிரியர் சொல்வது பரிசைவிட மதிப்பு மிக்கது.

இரண்டாவது ஆபத்து, சிந்தனை அசைபோடலாக மாறுவது. நடந்ததையே திரும்பத் திரும்ப மனத்தில் ஓட்டிக்கொண்டிருப்பது மனச்சோர்வை நீட்டிக்கிறது என்பதைச் சூசன் நோலன்-ஹோக்சிமா 1991 முதல் தொடர்ந்து ஆராய்ந்தார். இரண்டையும் பிரித்தறிய எளிய சோதனை ஒன்று உண்டு. பயனுள்ள சிந்தனை பாடக்குறிப்பில் ஒரு வரி மாற்றத்தில் போய் முடியும். அசைபோடல் 'நான் இப்படித்தான்' என்ற தீர்ப்பில் போய் முடியும், அல்லது முடியவே முடியாது. பின்சிந்தனைக்கு 5 நிமிடம் என்று கடிகாரம் வைப்பது சோம்பலுக்கு இடம் கொடுப்பதாகாது, பாதுகாப்பு. ஏற்கெனவே உணர்ச்சி வறண்டு, மாணவர் முகம் பார்க்கவே பிடிக்காத நிலையில் இருக்கும் ஆசிரியருக்கு இந்தப் பயிற்சியையே தொடங்கக் கூடாது. முதலில் அவருடைய பணிச்சுமையைக் குறைக்க வேண்டும்.

நீண்ட அனுபவம் உள்ளவர்களுக்கு முதல் இரண்டு வாரம் பாடம் தடுமாறுவதாகத் தோன்றும். கை பழகிய செயலை நடுவில் நிறுத்திக் கவனித்தால் அப்படித்தான் ஆகும். அதற்காகவே நடுவில் ஒரே நிறுத்தம் என்று சொன்னேன். பாடத்தில் ஆழ்ந்த புலமை உள்ளவருக்கு இன்னொரு தடையும் உண்டு. புதிதாகக் கற்பவர் எதில் சிக்குவார் என்று ஊகிப்பதில் அந்தப் புலமையே குறுக்கே வரும். அவருடைய ஊக இடைவெளி பெரிதாக இருந்தால் அது அவமானமல்ல, அதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

நிர்வாக வேலைகளுக்கு இந்த உழைப்பைச் செலவிட வேண்டாம். ஒரு வாரம் மட்டும் மேலே சொன்ன ஆறு வேலைகளுக்கும் எத்தனை நிமிடம் போகிறது என்று குறித்து, ஒவ்வொன்றுக்கும் எதிரே 'விரும்பி', 'பயன் தெரிந்து', 'மனம் உறுத்துவதால்', 'வற்புறுத்தலால்', 'ஏனென்று தெரியவில்லை' என்று ஒரு சொல் எழுதச் சொல்லுங்கள். கடைசி இரண்டில் விழும் நிமிடங்களைக் குறைப்பது நிர்வாகத்தின் வேலை. ஒரே தகவலை மூன்று பதிவேடுகளில் எழுதச் சொல்வதை நிறுத்தினாலே நேரம் மிஞ்சும்.

ஆய்வு செய்கிறவர்களுக்குச் சில சொற்கள். ஷ்ராவும் டெனிசனும் 1994இல் உருவாக்கிய மீஅறிதல் விழிப்புணர்வு வினாநிரலில் 52 கூற்றுகள் உள்ளன, அது பொதுவாக வயதுவந்தோர் தம் கற்றலைப் பற்றிச் சொல்வதற்கானது. ஆசிரியர்களுக்கென்றே ஜெம் பால்சிகன்லி 2011இல் வெளியிட்டதில் 24 கூற்றுகள், ஆறு உட்பிரிவுகள். ஆசிரியரின் மீஅறிதல் பற்றிய ஆய்வுக்கு இரண்டாவதே பொருந்தும். உட்பிரிவுக்கு நான்கே கூற்றுகள் என்பதால் நம்பகக் கெழு, அதாவது கூற்றுகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்ற அளவு, சில உட்பிரிவுகளில் தாழ்ந்து வரலாம். முன்னோட்டத்தில் அதைப் பார்த்துவிட்டு உட்பிரிவு வாரியாகப் பேசலாமா என்று முடிவு செய்யுங்கள். ஃபெர்னேயின் அளவுகோல் ஆறு வேலைக்கும் சேர்த்து 90 கூற்றுகள். முழுவதும் கொடுத்தால் பாதிக்கு மேல் யோசிக்காமல் வட்டமிடுவார்கள். ஆய்வுக் கேள்விக்குத் தேவையான 2 அல்லது 3 வேலைகளை மட்டும் எடுத்தால் 30 அல்லது 45 கூற்றுகளில் முடியும்.

மொழிபெயர்த்தபின் வேறொருவரைக் கொண்டு மூலமொழிக்குத் திருப்பி, இரண்டையும் ஒப்பிட வேண்டும். 'எப்போது, ஏன்' வகைக் கூற்றுகள் தமிழுக்கு வரும்போது நீண்டு, ஒரே வாக்கியத்தில் இரண்டு கேள்வி கேட்பதாகிவிடும், அவற்றில் கவனம் வேண்டும். ஐந்து வகை ஊக்கத்தையும் ஒரே கூட்டுத்தொகை ஆக்காதீர்கள். வற்புறுத்தலால் வந்த மதிப்பும் விருப்பத்தால் வந்த மதிப்பும் ஒன்றையொன்று கூட்டிக்கொள்ளக் கூடியவை அல்ல.

தன்னைத் தானே மதிப்பிடும் வினாநிரலுக்கு ஓர் அடிப்படைக் குறை உண்டு. கண்காணிக்கும் பழக்கம் குறைவாக உள்ளவருக்குத் தன் குறை தெரியாது, ஆகவே அவர் தனக்கு உயர்ந்த மதிப்பே போட்டுக்கொள்வார். மீஅறிதலை அளக்க மீஅறிதலையே நம்பியிருக்கும் சிக்கல் இது. ஊகத்துக்கும் விளைவுக்கும் உள்ள இடைவெளியை, நாலைந்து பாடவேளைக்காவது, இரண்டாவது அளவாகச் சேர்த்தால் ஆய்வின் எடை கூடும். இரண்டு வினாநிரல்களையும் ஒரே நாளில் ஒரே தாளில் கொடுத்தால், எல்லாவற்றுக்கும் '4' போடும் பழக்கம் உள்ளவர்களாலேயே ஒரு செயற்கையான தொடர்பு வந்துவிடும். இரண்டு வாரமாவது இடைவெளி விடுங்கள். திசை தெரிய வேண்டுமென்றால் ஒரு பருவ இடைவெளியில் இரண்டையும் இரண்டு முறை அளக்க வேண்டும். 10 பள்ளிகளிலிருந்து 200 ஆசிரியர்களை எடுத்தால் அது 200 தனித்தனி மனிதர்கள் என்று கணக்கிட முடியாது. ஒரே பள்ளியில் இருப்பவர்கள் ஒரே தலைமையாசிரியரின் கீழ் இருக்கிறார்கள், பள்ளி என்ற அடுக்கைப் பகுப்பாய்வில் சேர்க்க வேண்டும். கடைசியாக, இரண்டும் எவ்வளவு சேர்ந்து மாறுகின்றன என்று காட்டும் தொடர்புக் கெழு 0.30 என்று வந்து 'குறிப்பிடத்தக்கது' என்று நட்சத்திரம் போட்டாலும், இரண்டுக்கும் பொதுவான மாறுபாடு 9 சதவீதம்தான். மீதி 91 சதவீதத்தில் மேலே சொன்ன உரிமை, பணிச்சுமை, நிர்வாகம் எல்லாம் இருக்கின்றன. ஆசிரியருக்கு எவ்வளவு மாற்றும் உரிமை இருக்கிறது என்று நாலைந்து கூற்றுகளாவது கேட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

6 வாரம் முடிந்தும் ஊக இடைவெளி குறையவில்லை என்றால், ஆசிரியரைக் குறை சொல்வதற்கு முன் ஏட்டில் உள்ள 'மாற்றப்போகும் வரி'களை மட்டும் அவரே வரிசையாகப் படித்துப் பார்க்கட்டும். அந்த வரிகள் அடுத்த பாடக்குறிப்பில் ஏறவே இல்லை என்றால், என்ன தடுத்தது என்று கேளுங்கள். பெரும்பாலும் அட்டவணை, பொதுவான தேர்வுத் தேதி, அல்லது எல்லாப் பிரிவும் ஒரே பக்கத்தில் இருக்க வேண்டும் என்ற உத்தரவு என்று பதில் வரும். வரிகள் ஏறியிருந்தும் இடைவெளி அப்படியே இருந்தால், ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தையே மாற்றிக்கொண்டிருக்கிறாரா என்று பாருங்கள். பல சமயம் குழந்தைகள் விழும் இடம் அந்தப் பாடத்தில் இருக்காது. இரண்டு ஆண்டுக்கு முந்தைய பாடத்தில் இருக்கும். பின்னக் கூட்டல் வராத குழந்தைக்குப் பெருக்கல் வாய்பாடா, சமபின்னமா என்று 5 நிமிடச் சோதனை ஒன்று வைத்துவிட்டு அடுத்த 6 வாரத்தைத் தொடங்கலாம்.